ராவ்சாகிப் பிடித்த ஏழு ஜப்பான்காரர்கள்

ஜட்கா கரீமுல்லாவுக்கு முப்பத்தைந்து வயது வரையில் தன் முகத்தைப் பற்றி ஒரு கவலையும் இருந்ததில்லை. கண்கள் இரண்டும் சிறியவை. சிரித்தால் அவையும் காணாமல் போய்விடும். மூக்கு சப்பை. கன்னத்து எலும்பு தூக்கல். தாடி வை என்று பள்ளிவாசலில் எத்தனையோ பேர் சொல்லியும் மோவாயில் நாலு மயிருக்கு மேல் முளைக்க மறுத்துவிட்டது. இந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் அவன் திருத்தணி ஸ்டேஷன் வாசலில் மற்ற ஜட்காக்காரர்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தான். ரயிலை விட்டு இறங்குகிற பக்தர்கள், புது ஊரில் யாரை நம்புவது என்று முழித்துக்கொண்டு நிற்பார்கள். கண்ணே தெரியாமல் சிரிக்கிற ஓர் ஆள் வந்து, "மலையடிவாரந்தான சாமி? வாங்க, குந்துங்க" என்றால் மறுபேச்சுப் பேசாமல் ஏறிவிடுவார்கள். அரக்கோணத்து அன்னம்மாள் கிருத்திகைக்குக் கிருத்திகை வருகிறவள். "சிரிச்ச மூஞ்சிக்காரன் வண்டி எங்கடா?" என்று கேட்டு, அவன் சவாரி போயிருந்தால் வெயிலில் காத்திருந்து அவன் வண்டியில்தான் போவாள்.

இப்படி இருந்தவனுக்கு முகம் என்று ஒன்று இருப்பதைக் கற்றுக்கொடுத்தது திருத்தணி யுத்த ஜாக்கிரதைக் கமிட்டி.

விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்து, சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடிய நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை மாதம் அது. கமிட்டிக்குத் தலைவர் ராவ்சாகிப் நாகராஜன். போன யுத்தத்தில் பட்டாளத்துக் குதிரைகளுக்குக் கொள்ளு அனுப்பி ராவ்சாகிப் ஆனவர். இந்த யுத்தத்தில் ராவ்பகதூர் ஆகிவிட வேண்டும் என்று இருந்தார். ஆகையால் யுத்தம் எங்கே சீக்கிரம் முடிந்துவிடுமோ என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் கவலைப்பட்ட ஒரு சில தேசபக்தர்களில் அவரும் ஒருவர். காரியதரிசி பெயர் வேணு. ராவ்சாகிப் சொல்வதை இரண்டு தரம் ஆமோதிப்பது அவர் வழக்கம்: சொல்வதற்கு முன்னால் ஒரு தரம், சொன்ன பிறகு ஒரு தரம்.

எதிரி உளவாளி ஆகாயத்திலிருந்து குதித்தால் ஜனங்கள் அவனை அடையாளம் கண்டு பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதற்காக ஒரு ஜப்பான்காரன் படமும் தபாலில் வந்தது. வழியில் கோடைமழை பிடித்துக்கொண்டதில் படத்தில் முகம் கரைந்துபோய்த் தொப்பி மட்டும் மிஞ்சியிருந்தது. தொப்பியை மட்டும் காட்டி ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னால் ஊரில் பாதிப் போலீஸ்காரர்கள் உள்ளே போக வேண்டியிருக்கும் என்று கமிட்டி ஒரு மாலை முழுக்க விவாதித்து முடிவு செய்தது. உயிருள்ள மாதிரி ஒன்று வேண்டும் என்று தீர்மானமாயிற்று. வேணு ஸ்டேஷனுக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கரீமுல்லாவின் தோளில் கையைப் போட்டார்.

"சர்க்கார் காரியம்ப்பா. மேடையில கொஞ்ச நேரம் நின்னா போதும். ராவ்சாகிப்பே பக்கத்துல நிப்பாரு."

கரீமுல்லா ஏதோ மரியாதை செய்யப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவி சபீராவையும் கூட்டிக்கொண்டு போனான். குளத்தங்கரை மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. அவனை மேடை நடுவில் ஒரு முக்காலியின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். அவனும் பழக்க தோஷத்தில் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். ராவ்சாகிப் கையில் ஒரு மூங்கில் குச்சியோடு எழுந்தார்.

"மகாஜனங்களே! நான் ஜப்பானியனைப் பார்த்ததில்லை. பார்க்காததால்தான் அவனைப் பற்றி இவ்வளவு தைரியமாகப் பேச முடிகிறது. ஒருவன் உள்ளத்தில் இருப்பதை அறிய உள்ளத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அது வீண் சிரமம். முகத்தைப் பார்த்தால் போதும். இதோ பாருங்கள், இது கண்!" குச்சி கரீமுல்லாவின் இமையைத் தொட்டது. "நேர்மையானவனுக்குக் கண் பெரிதாக இருக்கும், என்னைப் போல. இது மூக்கு. மூக்கா இது? இப்போது இவன் சிரிக்கிறான் பாருங்கள், இதுதான் எதிரியின் தந்திரச் சிரிப்பு! இப்படி ஒரு முகத்தை எங்கே கண்டாலும், எந்த நேரத்தில் கண்டாலும், அமுக்கிப் பிடித்துக் கமிட்டியில் ஒப்படையுங்கள்!"

பிறகு ஜனங்கள் வரிசையாக மேடையேறி, அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்து மனசில் பதிய வைத்துக்கொண்டார்கள். சிலர் மூக்கைத் தொட்டும் பார்த்தார்கள். கூட்டத்தில் நின்றிருந்த சபீரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பாதியிலேயே வீட்டுக்குப் போய்விட்டாள்.

கமிட்டியின் பிரசாரம் பலிக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. அன்று சாயங்காலமே ஒரு ஜப்பான்காரன் பிடிபட்டான். குதிரைக்குப் புல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போன கரீமுல்லாவை, கூட்டத்துக்கு வந்திருந்த ஆர்.கே.பேட்டை ஆட்கள் நாலைந்து பேர் அமுக்கி, அவனுடைய தலைத்துண்டாலேயே கையைக் கட்டிக் கமிட்டி ஆபீசுக்கு இழுத்து வந்தார்கள். ஊரே பின்னால் வந்தது.

"சாமி, நானுங்க! கரீமுல்லா! இப்ப மேடையில நின்னேனே!" என்று அவன் அலறினான்.

ராவ்சாகிப் குனிந்து அவன் காதோடு பேசினார். "தெரியும்டா. எனக்குத் தெரியும். ஆனா புடிச்சவங்களுக்குத் தெரியாதே. மொத மொதல்ல ஜனங்களுக்கு ஒரு உற்சாகம் வந்திருக்குது. அத்த கெடுக்கலாமா?"

அவனை முன்னறையில் தூணோடு கட்டிப்போட்டு, ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்துவிட்டுப் போகும் வரை வைத்திருந்தார்கள். கூட்டம் கலைந்ததும் வேணு கட்டை அவிழ்த்துப் பின்பக்கத்துக் கதவால் அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் சித்தூருக்குத் தந்தி போயிற்று: திருத்தணியில் ஒரு ஜப்பான்காரன் பிடிபட்டான். சித்தூர், சென்னைக்குத் தந்தி கொடுத்தது. சென்னை, ராவ்சாகிப்புக்குப் பாராட்டுத் தந்தி கொடுத்தது. ராவ்சாகிப் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். பக்கத்தில் இன்னும் சிலவற்றை மாட்ட இடம் இருந்தது.

அதற்கப்புறம் கரீமுல்லாவைப் பிடிக்காதவர்கள் யார் என்றுதான் கேட்க வேண்டும். சேலை மூட்டையோடு வந்த அம்மையார்குப்பத்து நெசவாளிகள் பிடித்தார்கள். வடக்கேயிருந்து மொட்டையடிக்க வந்த ரெட்டியார் குடும்பம் ஒன்று, "பட்டுக்கோ, பட்டுக்கோ!" என்று தெலுங்கில் கத்தி, பெண்டுகள் உட்பட விழுந்து பிடித்தது. பட்டணத்திலிருந்து பயந்து ஓடிவந்த வக்கீல் ஒருவர், இங்கேயும் ஜப்பான்காரன் வந்துவிட்டானே என்ற ஆத்திரத்தில் குடையால் நாலு சாத்து சாத்திவிட்டுத்தான் ஒப்படைத்தார். ஒவ்வொரு தடவையும் முன்னறைத் தூண், ஜன்னலில் ஜனங்கள், பின்பக்கத்துக் கதவு, தந்தி. கணக்கு ஆறுக்கு வந்துவிட்டது. பர்மாவில் பின்வாங்கிக்கொண்டிருந்த பட்டாளம் பிடித்ததைவிடத் திருத்தணி அதிகம் பிடித்துவிட்டதாகக் கமிட்டிக் கூட்டத்தில் வேணு பேசினார்.

கரீமுல்லா அந்தக் கூட்டத்துக்கே போய்க் கைகட்டி நின்றான். "சாமி, நான் ஜப்பான்காரன் இல்லன்னு நீங்க ஒரு வார்த்த தண்டோரா போட்டு சொல்லிடுங்க. பொழப்பு போய்க்கினு இருக்குது."

கமிட்டி அவன் மனுவைப் பரிசீலித்தது. ஒருவனை ஜப்பான்காரன் என்று சொல்லத்தான் கமிட்டிக்கு அதிகாரம் உண்டே தவிர, இல்லை என்று சொல்ல அதிகாரம் கிடையாது என்று வேணு எடுத்துக் காட்டினார். ராவ்சாகிப்புக்கு இளகிய மனசு. அவர் அவனைக் கைவிடவில்லை. "பொதுஜன நன்மையை உத்தேசித்து, மேற்படி கரீமுல்லா தன் முகத்தைக் கூடிய சீக்கிரத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியது" என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறிற்று.

சிரிக்க வேண்டாம், அந்த அப்பாவி மாற்றிக்கொள்ளப் பார்த்தான். கண்ணைப் பெரிதாக்க வேண்டும் என்று நாளெல்லாம் இமைக்காமல் விழித்துக்கொண்டே வண்டி ஓட்டினான். தூசியும் காற்றும் பட்டுக் கண் பழுத்து, தாரை தாரையாக நீர் வழிந்தது. மூக்கு எழும்புமா என்று விரலால் பிடித்து இழுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தான். கண் சுருங்கிவிடுமே என்று சிரிப்பதை விட்டான். கடைசியில் தலைத்துண்டால் மூக்குவரை மூடிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். முகத்தை மறைக்கிறவன் எதற்காக மறைக்கிறான் என்று கேட்டு அதற்கும் ஒருநாள் பிடித்தார்கள். அதோடு கணக்கு ஏழு.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின தினம் காவடிக் கூட்டத்தோடு அன்னம்மாள் ரயிலில் வந்து இறங்கினாள். யுத்த பயத்தில் மூன்று மாதமாக வராதிருந்தவளின் தெரிந்த முகத்தைக் கண்டதும் கரீமுல்லாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. துண்டை அவிழ்த்துவிட்டு ஓடினான். "வாங்கம்மா, மூட்டய குடுங்க."

ராவ்சாகிப் குச்சியால் காட்டிய அடையாளங்கள் அரக்கோணம் வரைக்கும் பரவியிருந்தன. அன்னம்மாள் அவனை ஒரு கணம் பார்த்தாள். மூட்டையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். "ஐயோ முருகா! ஜப்பான்காரன்!"

அன்றைக்கு யாரும் அவனைப் பிடிக்கவில்லை. அவனே வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தான். அவனுக்கு அவமானமாக இருந்தது. என்ன தப்புச் செய்தோம் என்று எவ்வளவு யோசித்தும் தெரியாத அவமானம் அது.

"வேலூர் பக்கம் போயிடலாம் சபீரா. இந்த ஊர் வாணாம்."

சபீரா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "எங்க போனாலும் மூஞ்சிய எடுத்துகினுதான போவணும்? இந்த மூஞ்சிய பாத்துத்தான எங்க நைனா பொண்ண குடுத்தாரு? இதுக்கு இன்னா கொறச்சல்? கொறச்சல் எல்லாம் அந்தக் குச்சிய புடிச்சான் பாருங்க, அவன் கையிலதான் இருக்குது. நீங்க அழறீங்களே, அவன் அழுவ வாணாமா?"

கரீமுல்லா அவளை நிமிர்ந்து பார்த்தான். அதுவரைக்கும் அவனுக்கு அது தோன்றவே இல்லை.

கிருத்திகை கழிந்து நாலாம் நாள் பகலில் அவன் வீட்டு வாசலில் ராவ்சாகிப்பே வந்து நின்றார். கூட வேணு. ராவ்சாகிப்பின் நேர்மையான பெரிய கண்கள் அன்றைக்கு இன்னும் பெரிதாக இருந்தன. சித்தூரிலிருந்து தந்தி வந்துவிட்டது. பிடிபட்ட ஏழு ஜப்பான்காரர்களையும் ஒப்புக்கொண்டு அழைத்துப் போகப் பட்டாளத்துக் காப்டன் நாளைக்கு லாரியோடு வருகிறார்.

"ஒரே ஒரு நாளுப்பா" என்றார் ராவ்சாகிப். "நீ ஒருத்தன் வந்து நின்னுடு. மத்த ஆறு பேரையும் பள்ளிப்பட்டுல பத்திரமா வெச்சிருக்குறோம், அடுத்த வாரம் அனுப்புறோம்னு சொல்லிக்கலாம். நீ வாய மட்டும் தொறக்காத. தொரை கேக்கறத வேணு பாத்துக்குவாரு. அரக்கோணம் போறதுக்குள்ள ஒன்ன எறக்கி வுட ஏற்பாடு பண்றேன்."

சபீரா விளக்குமாற்றைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் கரீமுல்லா சிரித்தான். மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கண் காணாமல் போகும்படி சிரித்தான்.

"ஆங், வரேன் சாமி. ஒண்ணே ஒண்ணு. இவன் அசல் ஜப்பான்காரன்தான்னு தொரைகிட்ட நீங்க ஒங்க வாயால மேடையில சொல்லிடணும். இல்லன்னா என்னிய யாரு நம்புவாங்க?"

"சொல்றேன்டா, சொல்றேன்! இதே மொகம், இதே சிரிப்பு. இத்த மாத்திடாத" என்று ராவ்சாகிப் அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் மைதானத்தில் அதே மேடை, அதே முக்காலி, தோரணம் மட்டும் புதுசு. கரீமுல்லாவைக் கையில் விலங்கு மாட்டி நிறுத்தியிருந்தார்கள். காப்டன் ஒரு வெள்ளைக்காரர். முன்னால் சித்தூர் கலெக்டர் ஆபீசில் இருந்தவராகையால் தமிழ், தெலுங்கு இரண்டும் புஸ்தகத்தில் உள்ளபடி பேசுவார். ராவ்சாகிப்புக்கு எதிரில் பட்டாளம் உட்கார்ந்திருக்கிறது, ராவ்பகதூர் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சும்மா விடுவாரா?

"கனம் காப்டன் துரையவர்களே! இவன் ஜப்பானியன். இதை நான் சொல்கிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன், விசாரித்துச் சொல்லவில்லை. விசாரணை என்பது முகம் பார்க்கத் தெரியாதவர்களுக்கு. என் கண் தவறியதில்லை. இவன் ஜப்பானியன் இல்லை என்றால் நான் ராவ்சாகிப் இல்லை!"

ஜனங்கள் கை தட்டினார்கள். காப்டன் கைதியின் அருகில் போனார். "உன் நாமதேயம் என்ன?"

"அவனுக்குத் தமிழ் வராது துரை" என்று வேணு குறுக்கே விழுந்தார்.

"வரும் தொரை" என்றான் கரீமுல்லா. "நல்லா வரும். தலைவருதான் சொல்லிக் குடுத்தாரு."

வேணு தம் வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றையும் ஆமோதிக்காமல் நின்றார்.

காப்டன் நிதானமாகக் கேட்டார். "இவர்களை உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீசுக்கு அடிக்கடி போவேன் தொரை. ஒவ்வொரு தபாவும் முன்னால ஜனங்க பாக்கற வரிக்கும் கட்டிப் போடுவாங்க. ஜனங்க போனதும் பின்பக்கத்துக் கதவால வுட்டுடுவாங்க. இப்பவும் அரக்கோணம் போறதுக்குள்ள எறக்கி வுட்டுடறேன்னு தலைவரு நேத்து என் வூட்டாண்ட வந்து சொல்லிட்டுப் போனாரு."

அவன் சொன்னதில் தமிழ் கற்றுக்கொடுத்த விஷயம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சத்தியம். சத்தியமாக இருந்ததால் ராவ்சாகிப்புக்கு முகம் வெளுத்தது. பட்டாளத்துக்காரர்கள் இரண்டு பேர் மெல்ல அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"துரை! பொய்! இவன் ஜப்பான்காரனே இல்லை! ஜட்கா ஓட்டுகிற கரீமுல்லா! ஊரையே கேளுங்கள்!"

காப்டன் ஊரைக் கேட்டார். ஊர் ராவ்சாகிப்பிடம் பாடம் கேட்ட ஊர். ஆர்.கே.பேட்டை ஆட்கள் முதலில் குரல் கொடுத்தார்கள். "ஜப்பான்காரந்தான் தொரை! நாங்களே புடிச்சோம்!" "நாங்களும் புடிச்சோம்!" என்றார்கள் அம்மையார்குப்பத்தார். பட்டணத்து வக்கீல் குடையை உயர்த்திக் காட்டி, தாம் சாட்சி சொல்லத் தயார் என்றார்.

ராவ்சாகிப்பின் கண் கூட்டத்தில் சபீராவைத் தேடிப் பிடித்தது. மேடை விளிம்புக்கே ஓடினார். "அம்மா சபீரா! நீ சொல்லும்மா! இவன் ஒன் புருஷன்தானே? ஒன் தாலி... ஒன் கருகமணி மேல ஆணையா சொல்லும்மா!"

சபீரா முன்னால் வந்தாள். கணவனுடைய விலங்கைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவனைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று ராத்திரி இரண்டு பேரும் பேசிப் பயந்திருந்தார்கள். ஆனாலும் குரலை உயர்த்தித்தான் பேசினாள்.

"எங்க வூட்டுக்காரரு மூஞ்சிய இந்த ஊரே பாத்துப் பாத்து ஏறி வரும் தொரை. ஒருத்தரும் பயந்ததில்ல. இந்த மூஞ்சிய பாத்து எல்லாரும் பயந்து ஓடறாங்க. தலைவரு பெரிய படிப்பு படிச்சவரு. அவரு ஜப்பான்காரன்னு சொன்னா நான் இல்லேன்னு எப்டி சொல்றது?"

"அந்த மாது சொல்வது நியாயம்" என்றார் காப்டன். ராவ்சாகிப்பின் பக்கம் திரும்பினார். "இவன் ஜப்பானியனானால், நீர் அவனுக்குத் தங்க இடமும் பாஷையும் கொடுத்தவர். அதற்குத் தூக்கு. இவன் ஜப்பானியன் அல்லவானால், அதை நீர் நிரூபிக்க வேண்டும். எது?"

ராவ்சாகிப் முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கே உட்கார்ந்தபடி, மகாஜனங்கள் முன்னிலையில் எல்லாவற்றையும் சொன்னார். படம் நனைந்தது, தூணில் கட்டியது, தந்தி கொடுத்தது, முதல் ஜப்பான்காரன், இரண்டாம் ஜப்பான்காரன், ஏழாம் ஜப்பான்காரன் வரை எல்லாரும் இந்தக் கரீமுல்லாவே என்று சொல்லிச் சொல்லி அழுதார். "என் கண் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை துரை. பட்டத்துக்கு ஆசைப்பட்டுச் செய்தேன். இவன் நல்லவன். இந்த முகத்தில் ஒரு குற்றமும் இல்லை!"

அம்மையார்குப்பத்தார் முதலில் சிரித்தார்கள். பிறகு மைதானம் முழுக்கச் சிரித்தது. குடை பிடித்திருந்த வக்கீல் மட்டும் கூட்டத்தில் கரைந்துவிட்டார். காப்டன் கரீமுல்லாவின் விலங்கைக் கழற்றச் சொன்னார். அதே விலங்கை ராவ்சாகிப்புக்கு மாட்டச் சொன்னார்.

"துரை! அதுதான் உண்மையைச் சொல்லிவிட்டேனே!"

"சொன்னீர். இவன் ஜப்பானியன் அல்ல என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்" என்றார் காப்டன், கொஞ்சமும் கோபமில்லாமல். "ஆனால் திருத்தணியில் ஏழு ஜப்பானியர் பிடிபட்டார்கள் என்று சென்னை டில்லிக்குத் தெரிவித்துவிட்டது. டில்லி லண்டனுக்குத் தெரிவித்துவிட்டது. சர்க்கார் தெரிவித்தது பொய்யாக இருக்க முடியாது. ஏழு பேர் பிடிபட்டது வாஸ்தவம். இவன் அவர்களில் ஒருவனல்ல என்று நீரே நிரூபித்தீர். அப்படியானால் ஏழு பேரையும் தப்பவிட்டிருக்கிறீர். அவர்கள் அகப்படும் வரையில் நீர் எங்களிடம் இருப்பீர்."

இல்லாத ஏழு பேர் எப்போது அகப்படுவார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்த வேணு, மேடையின் பின்பக்கமாக இறங்கப் பார்த்தார். அங்கேயும் சிப்பாய் நின்றிருந்தான்.

இருவரையும் லாரியில் ஏற்றினார்கள். ராவ்சாகிப் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக் கிட்டத்தில் வந்த கரீமுல்லாவைப் பார்த்துக் கெஞ்சினார். "டேய், நீ தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுடா. ஏழு பேரும் நீதான்னு சொல்லிடுடா. பெத்த தாய் மேல ஆணை, இனிமே ஒன் வழிக்கே வரமாட்டேன். முருகனுக்கே கோவம் தணிஞ்ச எடம்டா இது! சூரன அடிச்சுப்புட்டு வந்தவருக்கே இந்த மலை மேல கோவம் ஆறிப்போச்சு. ஒனக்கு ஆறலயா?"

லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. கரீமுல்லா அதோடு கூடவே நாலடி நடந்தான்.

"சாமிக்கு ஆறு மொகம்ங்க. ஒண்ணு கோச்சிக்கினா இன்னொண்ணு சிரிக்கும். எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணுதாங்க."